பழைய ஐபாடின் இனிமை காதிலா, மனத்திலா?

நடுவர் அவர்களே, சமூக மன்றத்தில் கூடியிருக்கும் அவையோரே, வணக்கம்.

2005இல் வெளிவந்த ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடின் ஐந்தாம் தலைமுறையில், எண்களாகப் பதிந்த பாட்டை ஒலியாக்கும் வுல்ஃப்சன் நிறுவனத்தின் ஒலிச்சில்லு இருந்தது என்றும், 2007இல் வந்த ஐபாட் கிளாசிக்கில் அதை எடுத்துவிட்டுச் சிரஸ் லாஜிக் சில்லை வைத்ததால் இனிமையே போய்விட்டது என்றும் எதிரணித் தலைவர் உருகி உருகிப் பேசினார். சில்லு மாறியது உண்மைதான். அதனால் இனிமை குறைந்தது என்பதைத்தான் நாங்கள் மனமயக்கம் என்கிறோம்.

சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் தேடிப் பிடித்த பழைய கருவியையும் வீட்டிலிருந்த கிளாசிக்கையும் அவர் மாற்றி மாற்றிக் கேட்டாராம். ஒலியளவைச் சமப்படுத்தினீர்களா என்று மேடையேறும் முன் கேட்டேன்; இரண்டையும் பாதியில் வைத்ததாகச் சொன்னார். ஐயா, இந்தக் கருவியின் பாதியும் அந்தக் கருவியின் பாதியும் ஒன்றாகவே இருக்கும் என்று யார் சொன்னது? ஒலியளவின் அலகான டெசிபெலில் ஒன்றே ஒன்று கூடினாலும் காது அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு என்றே எண்ணிக்கொள்ளும். ஆகவே 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை இரண்டிலும் ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிய நிலையில் மின்னழுத்தத்தை அளந்து, 0.1 டெசிபெலுக்குள் சமன் செய்த பிறகே ஒப்பீடு தொடங்க வேண்டும்.

வித்தியாசமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ஆனால் அது எதிரணிக்கு உதவாது. பழைய கருவியில் ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம் ஹெட்ஃபோனுக்குள் போகாமல் தடுக்க, வெளியீட்டில் மின்தேக்கிகள் (கபாசிட்டர்கள்) வைத்திருந்தார்கள். அத்தகைய மின்தேக்கி, ஹெட்ஃபோனின் மின்தடையோடு சேர்ந்து தாழ்ந்த சுரங்களை வடிகட்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மைக்ரோஃபராட் மின்தேக்கியோடு 16 ஓம் மின்தடையுள்ள இயர்ஃபோனை மாட்டினால் 100 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் குறைந்துவிடும், 300 ஓம் ஹெட்ஃபோன் என்றால் அந்த எல்லை 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, காதுக்கு எட்டாமலே போய்விடும். கிளாசிக்கில் உள்ள சில்லு அந்த மின்தேக்கிகளே தேவைப்படாத வகையைச் சேர்ந்தது. ஆகவே சாதாரண இயர்ஃபோனில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிவது பழையதில்தான்! அடிநாதம் மெலிந்தால் மேல்சுரங்கள் எடுப்பாகத் தெரியும்; அதைத்தான் தலைவர் இனிமை என்று கொண்டாடுகிறாரோ என்னவோ. (கொடுத்த விலையும் காதோரம் கொஞ்சம் பேசியிருக்கும்.)

நடுவர் அவர்களே, இரண்டு கருவிகளும், ஒலியளவைச் சமன் செய்த நிலையில், அந்த அடிநாத வேறுபாடும் காதுக்கு எட்டாதபடி 300 ஓம் ஹெட்ஃபோனோடு இந்தப் பையில் இருக்கின்றன. நிகழ்ச்சி முடிந்ததும் எதிரணித் தலைவர் கண்ணைக் கட்டிக்கொண்டு 10 முறை பாட்டைக் கேட்டு, ஒலிப்பது பழையதா, கிளாசிக்கா என்று ஒவ்வொரு முறையும் சொல்லட்டும். குருட்டு அதிர்ஷ்டத்தில் 9 முறையாவது சரியாகச் சொல்ல நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. அவர் அப்படிச் சொல்லிவிட்டால், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இரு அணியினருக்கும் இரவுச் சாப்பாடு என் செலவு.