பறித்தவர்களே கொடுக்கட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'அழியும் மொழியைக் காக்க வேண்டியது பேசும் மக்களா, ஆளும் அரசா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழும் ஷூஸ்வாப் என்ற பழங்குடி மக்களைக் காட்டி, "தங்கள் மொழியை வீட்டில் பேசாமல் விட்டுவிட்டு அரசைக் குறை சொன்னால் எப்படி?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். ஏன் பேசாமல் விட்டார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்.

அந்த மக்கள் வாழும் பகுதியில், கம்லூப்ஸ் நகரில் ஒரு பெரிய செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி அது. தொடங்கியது 1890இல். பணம் அரசுடையது, நிர்வாகம் கத்தோலிக்கத் திருச்சபையுடையது. 1920இல் சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கட்டாயம் இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு அனுப்ப வைத்தார்கள். அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை. 1950களில் கம்லூப்ஸில் மட்டும் ஒரே நேரத்தில் 500 பிள்ளைகள் வரை இருந்தார்கள். தாய்மொழியில் வாய் திறந்தால் அடி.

அப்படி அடிபட்டு வளர்ந்த ஒரு பெண் தாயாகிறாள் என்று வையுங்கள். தன் குழந்தையிடம் அந்த மொழியில் பேச அவளுக்கு நா எழுமா? 'என் பிள்ளையாவது அடிபடாமல் இருக்கட்டும்' என்றுதானே நினைப்பாள்? நண்பர் அதற்கு வைத்த பெயர் அலட்சியம்! இன்று அந்த மொழியைச் சரளமாகப் பேசுவோர் 200 பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். 2008இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து இந்தப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகும் வழக்கறிஞர் வாதாடுகிறார், நடுவர் அவர்களே!

சரி, ஆடம்ஸ் ஏரிப் பக்கம் ஷூஸ்வாப் பெற்றோர்களே தங்கள் மொழியில் பள்ளி நடத்துகிறார்களே என்றார் நண்பர். உண்மைதான், அபாரமான வேலை. 1987இல் மழலையர்களைப் பாட்டிகளோடு உட்கார வைத்து, ஆங்கிலமே கலக்காமல் பேசப் பழக்கினார்கள். நியூசிலாந்து மாவோரி மக்களிடம் கற்ற வழி அது. 1991இல் அது சீஃப் ஆட்டம் பள்ளியாக வளர்ந்தது. ஆனால் அங்கே பாடநூலைக் கடையில் வாங்க முடியாது, தாங்களே எழுத வேண்டும். மொழி தெரிந்தவருக்கோ தள்ளாத வயது. இளையவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து கற்றால்தான் அடுத்த ஆசிரியர் கிடைப்பார். அவர் வீட்டு வாடகையை யார் கட்டுவது?

2019இல் பழங்குடி மொழிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஆணையர் அலுவலகமும் வந்தது. வரவேற்கிறேன். கனடா மைய அரசின் ஆட்சிமொழிகள் மட்டும் இன்றும் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான்.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். 1890 முதல் 1978 வரை, மொழியை மறக்கடிக்கும் பள்ளிக்கு அரசுக் கஜானா திறந்தே இருந்தது. கற்றுத் தரும் செலவு என்று வரும்போது மட்டும் ஏன் அதை அந்தப் பாட்டிகளின் தலையில் கட்டுகிறீர்கள்?