அரிட்டாபட்டி மலைக்கும் ரியோ மாநாட்டுக்கும் என்ன தொடர்பு?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “காடுகளைக் காப்பது பற்றி வெளிநாட்டில் கூடிப் பேசுகிறார்கள். அது இங்கே வந்தால் எங்கள் ஆடு மாடுகளை மேய்க்கவும் தடை வருமா? பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்றால் சரணாலயம்தானே?”

இல்லை ஐயா. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது உயிர்வளம் மிக்க ஓர் இடத்தை மாநில அரசு அறிவித்துக் காப்பது. சரணாலயம் வேறு சட்டம், கெடுபிடியும் அதிகம். 1992இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நடந்த மாநாட்டில் நாடுகள் கையெழுத்திடத் தொடங்கிய பல்லுயிர் உடன்படிக்கையை இந்தியா 1994இல் ஏற்றது. அதன் வழியாக 2002இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. உள்ளாட்சியைக் கலந்துகொண்டுதான் ஒரு தலத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 37ஆம் பிரிவு. மக்கள் தாங்களாக விரும்பி ஏற்பவை தவிர, அவர்களுடைய வழக்கமான பயன்பாடுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. மேய்ச்சலைப் பற்றிப் பயப்படாதீர்கள்.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. லகர் வல்லூறும் அழுங்கும் (எறும்புதின்னி) தேவாங்கும் வாழும் மலை அது. சமணர் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் அங்கேயே இருக்கின்றன. கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கத் தயங்கும் மக்களுக்கு இதைப் பாதுகாக்க ரியோ வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ரியோ தந்தது சட்டத்தின் கைப்பிடி.

அந்தக் கைப்பிடி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை 2024இல் பார்த்தோம். டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்ட நிலம் 2,000 ஹெக்டேருக்கு மேல். பாரம்பரியத் தலமும் அதற்குள் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும், தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என்றுதான் மத்திய அரசு முதலில் யோசித்தது. மேலூர் மக்கள் அதை ஏற்கவில்லை. ஏற்காதது மிகச் சரி என்பேன். மழைநீர் வரைபடக் கோட்டைப் பார்த்து இறங்குவதில்லை. சுற்றியுள்ள மலைகளை வெட்டினால் கண்மாய்கள் என்னவாகும்? கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மதுரை வரை பேரணி வந்தது, சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் முழுவதுமாக ரத்தானது. தலம் என்ற அறிவிப்பு மட்டும் இருந்திருந்தால் 193 ஹெக்டேர்தான் மிஞ்சியிருக்கும்.

உங்கள் ஊராட்சியிலும் இச்சட்டப்படி பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் ஊர் ஊருணி, மரம், பறவை, மூலிகை எதுவும் அதில் விடுபட்டிருந்தால் எழுதச் சொல்லுங்கள்.