பொறப்புக்கு மார்க் போடாதீங்க: சேலத்துல கேம் பண்ற பசங்ககிட்ட பேசினது

வணக்கமுங்க எல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை ஏற்காடு போகாம இந்த ஹால்ல வந்து உக்காந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நீங்க அனுப்பின ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டரா மாறி ஆடற கேம், அந்த டிசைன் எல்லாம் படிச்சேன், முக்கால்வாசியில ஒரே டேபிள் இருக்கு. எல்ஃப்ங்கற கூர்காது ஜனம்னா வில்லுக்கு ரெண்டு பாயிண்ட் கூட, ஆர்க்ங்கற முரட்டு ஜனம்னா பலம் ரெண்டு கூட புத்தி ரெண்டு கம்மி. டேபிள் போட்டதோட ரேஸ், அதாவது கேரக்டரோட இனம், ரெடினு அடுத்த வேலைக்குப் போயிட்டீங்க.

இந்தப் பழக்கம் 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல இருந்து வருது, கம்ப்யூட்டர் கேமுக்கு முன்னாடி பேப்பரும் பகடையும் வெச்சு ஆடினது. அதுல ட்வார்ஃப்ங்கற குள்ள ஜனத்து சண்டைக்காரன் ஆறாவது லெவலுக்கு மேல ஏறவே முடியாது, மனுஷனுக்கு அந்தத் தடை கிடையாது. எவ்வளவு கத்துக்கிட்டாலும் ஆறோட நின்னுக்கோ, ஏன்னா உன் பொறப்பு அப்படி! இதை நம்ம ஊர்ல கேட்டா எங்க சுருக்குனு குத்தும்னு நான் வெளக்கத் தேவையில்ல. 2000ல வந்த மூணாவது எடிஷன்ல அந்த லெவல் தடைய எடுத்தாங்க, 2024 ரூல்புக்ல பலம், புத்தி மாதிரி ஸ்டாட் பாயிண்டே பொறப்புல இருந்து கழண்டு, அந்த கேரக்டர் முன்னாடி என்ன வேலை பாத்துச்சோ அந்த பேக்ரவுண்டுக்குப் போயிடுச்சு. அவங்களுக்கு அம்பது வருஷம் ஆச்சு. நீங்க இன்னிக்கு ஆரம்பிக்கிறவங்க, அந்த பழைய டேபிளை எதுக்கு சுமந்துட்டு வரணும்?

நியாயத்தை விடுங்க, ஆட்டமா பாத்தாலும் அது சப்புனு தான் இருக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோட 2014 ரூல்படி ரெண்டு பாயிண்ட் கூடினா பகடையில ஒண்ணு கூடும், இருபது முகம் இருக்கற பகடையில ஒண்ணுன்னா நூத்துக்கு அஞ்சு. இருபது தடவை வாள் வீசினா ஒரு வீச்சுல வித்தியாசம் வரும், அதுவும் ப்ளேயர் கைக்குத் தெரியாது.

தெரியற மாதிரி எப்படி பண்றது? 2002ல வந்த மாரோவிண்ட்ங்கற கம்ப்யூட்டர் ஆர்பிஜி எடுத்துக்கோங்க. அதுல ஒரு மந்திர பூட்ஸ் கெடைக்கும், போட்டா தலைதெறிக்க ஓடலாம், ஆனா கண்ணு சுத்தமா தெரியாது. பிரெட்டன் ரேஸ்க்கு மந்திரத்துல பாதிய தடுக்கற உடம்பு, அவன் போட்டா பாதி இருட்டு தான், தட்டுத்தடுமாறி ஓடிடுவான். காஜீத்னு பூனை ஜனம் இருக்கு, அதுக்கு கால் மிருகத்துக் கால், குதிகால் தரையில படாது, அதனால எந்த பூட்ஸும் மாட்டவே மாட்டாது, ஆர்கோனியன்ங்கிற பல்லி ஜனத்துக்கும் அதே கதி. ஒரே பூட்ஸ், ஆளுக்கு ஒரு கதை, இந்த வித்தியாசம் எதுவும் புத்தி கம்மிங்கற நம்பர்ல இருந்து வரல பாருங்க. அதே வரிசையில 2006ல வந்த அடுத்த கேம் ஆப்லிவியன்ல அந்தக் கால் வளைவை எடுத்துட்டு எல்லாரும் பூட்ஸ் போடலாம்னு ஆக்கிட்டாங்க, மாடல் பண்றவங்களுக்கு வேலை கம்மி தான், ஆனா எனக்கு அது நஷ்டமாத்தான் படுது.

அதுக்காக அளவு மீறியும் போகக்கூடாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற ஆன்லைன் கேமோட ஆரம்பத்துல, பயந்து ஓடறதைத் தடுக்கற ஒரு மந்திரம் ப்ரீஸ்ட், அதாவது பூசாரி கேரக்டர், அதுலயும் ட்வார்ஃப் ப்ரீஸ்ட்டுக்கு மட்டும் இருந்துச்சு, நாப்பது பேர் சேர்ந்து பெரிய பாஸை அடிக்கப் போறப்போ ட்வார்ஃப் எங்கடானு தேட ஆரம்பிச்சிட்டாங்க. ஆசைப்பட்டு வேற ரேஸ் எடுத்தவன் மூஞ்சி என்ன ஆகும்? பின்னாடி எல்லா ப்ரீஸ்ட்டுக்கும் குடுத்தாங்க.

உடம்பு ஒரு பாதி. இன்னொரு பாதி ஊரு அவனை எப்படி நடத்துதுங்கறது. 2009ல வந்த டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ்ங்கற ஆர்பிஜில ட்வார்ஃப் எடுத்தா ரெண்டு தொடக்கம் உண்டு, ஒருத்தன் அரச வீட்டுப் புள்ள, இன்னொருத்தன் சாதியே இல்லாதவன்னு ஒதுக்கி மூஞ்சியில பச்சை குத்தி விடப்பட்டவன். உடம்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணு தான், ஆனா எதிர்ல நிக்கறவன் பேச்சு தலைகீழா மாறும். இதை விளையாடறப்போ நம்ம பசங்களுக்குப் புரியற அளவு வேற யாருக்கும் புரியாது, நான் நிச்சயமா சொல்றேன், இந்தக் கதைய எழுத நமக்குக் கை இருக்கு.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். உங்கள்ல ஒரு டீம், நம்ம மலையில வாழற மலையாளிங்கற பழங்குடி மக்களை (கேரளாக்காரங்க இல்ல) அப்படியே எடுத்து, தலையில எறகு கையில வில்லுனு ஒரு ரேஸ் பண்ணியிருக்கு. வேண்டாம் கண்ணுங்களா. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலைனு பரவி வாழற தமிழ் பேசற ஜனம் அது, காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு வழிவழியா சொல்றவங்க, அவங்க புள்ளைங்க இந்த ஹால்லயே இருக்கலாம். மக்களை விட்டுட்டு மலைய எடுங்க.

சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம், நடுவுல இருபது கொண்டை ஊசி வளைவு. மேல பனிமூட்டம் எறங்கினா முன்னாடி போற வண்டியே தெரியாது. அங்க வளர்ந்த ஒரு ஜனத்துக்குக் காது பெருசுனு வைங்க. மூட்டத்துல மத்த ப்ளேயருக்கு ஸ்க்ரீன் வெள்ளையாயிடும், இவனுக்கு மட்டும் எந்தப் பக்கம் சத்தம் வருதோ அங்க ஒரு வளையம் தெரியும், காப்பிச் செடிக்குள்ள யார் நகர்ந்தாலும் தெரியும். அதே ஆளை வளைவு வளைவா கீழ எறக்குங்க, ஒவ்வொரு வளைவுலயும் வளையம் கூடிட்டே வரட்டும், சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஒரு சந்தைக்குள்ள நுழையறப்போ ஸ்க்ரீன் பூரா வளையம், எது எதிரி எது வடை விக்கறவர்னு பிரிக்க முடியாம திணறணும். டேபிள்ல ஒரு நம்பர் கூட மாத்தல, ஆனா அந்த ப்ளேயர் வேற ஒரு கேமையே ஆடிட்டிருப்பான்.

மூணு பேர் டீமுக்கும் இது தாங்கும். மாடலை அசைக்கற மனுஷ எலும்புக்கூடு ரிக்கே போதும், நடை ஓட்டம் எல்லா அனிமேஷனும் அப்படியே பொருந்தும், காது மட்டும் தனி. ஹெல்மெட் மாடல் எல்லாத்தையும் இப்பவே திறந்து காதுக்கு எடம் விட்டு வெச்சிடுங்க, முப்பது ஹெல்மெட் முடிச்ச பிறகு ஞாபகம் வந்தா முப்பதையும் திரும்பப் பண்ணணும்.