சங்கீதமும் குளோயியும் ஒரே அட்டைக்குள்: ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கும் ஒரு மாணவியிடமிருந்து. அவர் எழுதியதைப் படித்துவிடுகிறேன்.

“சார், 18ஆம் நூற்றாண்டுக் கவிதைப் புத்தகங்கள் சிலவற்றை ஸ்கேன் பிரதியாகப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பைபிளில் சங்கீதம் என்று வரும் துதிப்பாட்டைச் செய்யுளாக்கியிருக்கிறார்கள். தாளைத் திருப்பினால் குளோயி என்ற பெண்ணின் கண்ணழகைப் பற்றி ஒரு பாட்டு. அடுத்து மறுபடியும் வேதம். இது கேலியா? அச்சுக்கூடத்தில் கலந்துபோனதா? அல்லது அந்தக் காலத்தில் யாரையும் இது உறுத்தவில்லையா?”

நல்ல கேள்வி. கேலி இல்லை, கலந்துபோனதும் இல்லை. உறுத்தல் இருந்தது. எந்த இடத்தில் உறுத்தியது என்பதுதான் சுவாரசியம், அதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் புத்தகத்தின் வகை. தொகுப்பு என்றதும் நமக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற பாடல்களைத் தேடிக் கோத்த நூல் நினைவுக்கு வரும். இவை அப்படிப்பட்டவை அல்ல. ‘பல கைகள் எழுதிய கவிதைகள்’ என்றோ ‘பல்வேறு சந்தர்ப்பங்களில் எழுதிய கவிதைகள்’ என்றோதான் தலைப்பு இருக்கும். முதல் வகை பலருடையது, இரண்டாவது பெரும்பாலும் ஒருவருடையது. நம் தனிப்பாடல் திரட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அந்தக் குணம். கடவுளைப் பாடியதும் ஒரு சந்தர்ப்பம், காதலியைப் பாடியதும் ஒரு சந்தர்ப்பம், அரசர் போரில் வென்றதும் ஒரு சந்தர்ப்பம். தலைப்பே அனுமதி கொடுத்துவிட்டது.

லண்டன் பதிப்பாளர் ஜேக்கப் டான்சன் 1684 முதல் இப்படி வரிசையாகத் திரட்டுகள் வெளியிட்டார். முதல் சில பகுதிகளுக்குக் கவிஞர் ஜான் டிரைடன்தான் முதுகெலும்பு. 1693இல் வந்த மூன்றாம் பகுதியின் பெயர் ‘எக்ஸாமென் பொயட்டிகம்’. அதில் டிரைடன் எழுதியவற்றை மட்டும் பாருங்கள். பண்டைய ரோமக் கவி ஓவிட்டின் ‘மெட்டமார்ஃபசிஸ்’ முதல் காண்டத்தின் மொழிபெயர்ப்பு, வசந்த காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் அழகிக்கு ஒரு பாட்டு, பரிசுத்த ஆவியை அழைக்கும் பழைய லத்தீன் துதிப்பாடலின் ஆங்கில வடிவம், எல்லாம் ஒரே புத்தகத்தில். டிரைடன் அப்போது கத்தோலிக்கராக மாறியிருந்தார், அதனால் வேலையையும் செல்வாக்கையும் இழந்திருந்தார். விளையாட்டுக்காகத் துதிப்பாடலைத் தொட்டவர் இல்லை. டான்சன் இந்த வரிசை முழுவதையும் 1716இல் ஆறு தொகுதிகளாக மறுபடி அச்சிட்டதால், 18ஆம் நூற்றாண்டு வாசகர் கையில் இருந்ததும் இதே கலவைதான்.

அந்தத் துதிப்பாடலின் தலைப்பில் ‘பாராஃபிரேஸ்’ என்ற சொல் இருக்கிறது. உங்கள் கேள்விக்குச் சாவி அதில்தான். 1680இல் ஓவிட்டின் மடல்களுக்கு எழுதிய முன்னுரையில் டிரைடன் மொழிபெயர்ப்பை மூன்றாகப் பிரித்தார். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஒன்று. மூலத்தின் பொருளைக் கைவிடாமல், அதை விரித்தும் தன் வழியில் சொல்லியும் போவது இரண்டாவது, அதுதான் பாராஃபிரேஸ். மூலத்தை ஒரு சாக்காக மட்டும் வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போவது மூன்றாவது. நம் இலக்கணத்தில் வழிநூல் என்கிறோமே, முன்னோர் முடிவை ஏற்றுக்கொண்டு பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாடு செய்வது, இரண்டாவது வகை அதற்குக் கிட்டத்தில் வரும்.

ஆக, சங்கீதத்தை விரித்து எழுதுவது பக்தி மட்டும் இல்லை, ஒரு கவிஞன் தன் கையைக் காட்டும் பயிற்சியும்கூட. எல்லோருக்கும் மனப்பாடமான மூலம், அதில் நீ என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்ற சவால். கச்சேரியில் தெரிந்த கீர்த்தனையை எடுத்துப் பாடுவது போல. காதல் கவிதையும் அப்படிப்பட்ட பயிற்சிதான். குளோயி, சில்வியா, ஸ்ட்ரெஃபோன் என்று வரும் பெயர்களில் பாதிக்கு மேல், ஆடு மேய்ப்பவர்களைக் காதலர்களாக்கிப் பாடும் மேய்ச்சல் நிலக் கவிதை மரபிலிருந்து இரவல் வாங்கியவை. யார் அந்தப் பெண் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள்.

வேதத்தைக் கவிதையாகப் பார்க்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? லாஞ்சைனஸ் என்ற பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல் ஒன்று, உன்னத நடையைப் பற்றியது. அதில் ஹோமரின் உதாரணங்களுக்கு நடுவே ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்ற ஆதியாகம வரி மேற்கோளாக வருகிறது. பிரான்சில் புவாலோ 1674இல் இதை மொழிபெயர்த்தார், அதன்பின் ஐரோப்பா முழுக்க இதே பேச்சு. யூதர் அல்லாத ஓர் இலக்கணக்காரரே மோசேயைப் பெருங்கவி வரிசையில் வைத்துவிட்டார், அப்புறம் நமக்கென்ன தயக்கம் என்றார்கள். விமர்சகர் ஜான் டென்னிஸ் 1704இல் இன்னும் ஒரு படி மேலே போய், சமயம்தான் கவிதைக்கு மிக உயர்ந்த உணர்ச்சியைத் தரும் என்று வாதாடினார்.

சரி, இப்போது ஒரு வாரத்தைக் காட்டுகிறேன். 1712 மே 14. லண்டன் நாளிதழான ‘ஸ்பெக்டேட்டரில்’ கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் ‘மெசையா’ வருகிறது. பைபிளின் ஏசாயா தீர்க்கதரிசனத்தை ரோமக் கவி வர்ஜிலின் மேய்ச்சல் கவிதை அச்சில் வார்த்த பாட்டு. ஆறு நாள் கழித்து, மே 20, பதிப்பாளர் லின்டட்டின் திரட்டில் அதே போப்பின் ‘தி ரேப் ஆஃப் தி லாக்’ முதல் வடிவம். ஒரு பெண்ணின் கூந்தலில் ஒரு சுருளை ஒரு பிரபு கத்தரித்த கதை. அப்போது அவருக்கு வயது 23. இரண்டையும் எழுதியது ஒரே மேசையில்தான் இருக்க வேண்டும். 1717இல் தன் கவிதைகளைத் தொகுத்தபோது இரண்டையும் ஒரே நூலில் வைத்தார், கூடவே மடத்தில் இருந்துகொண்டு பழைய காதலனை மறக்க முடியாமல் தவிக்கும் எலோய்சாவின் மடலையும். அதே ‘ஸ்பெக்டேட்டர்’ 1711 நவம்பரில் பழைய கிரேக்கப் பெண் கவி சாஃபோவின் காதல் வரிகளை வெளியிட்டது. அடுத்த ஜூலையில், இதழை நடத்தியவர்களில் ஒருவரான அடிசன் 23ஆம் சங்கீதத்தைச் செய்யுளாக்கினார். காலை காப்பியோடு படித்தவர்கள் இரண்டையும் படித்தார்கள்.

நீங்கள் பார்த்த குளோயி அநேகமாகக் கவிஞர் மேத்யூ பிரையருடையவளாக இருக்கும். பிரான்சோடு நடந்த போரை முடித்த உட்ரெக்ட் உடன்படிக்கையில் பெரும் பங்கு வகித்த ராஜதந்திரி அவர். ஆட்சி மாறியதும் 1715இல் கைதானார், வெளியே வந்தபோது கையில் காசில்லை. நண்பர்கள் சேர்ந்து முன்பணச் சந்தா திரட்டி, 1718 என்று தேதியிட்ட ஒரு பெரிய ஃபோலியோவை, அதாவது மிகப் பெரிய அளவுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். 1,445 சந்தாதாரர்கள், 4,000 கினி (அன்றைய ஆங்கிலப் பொற்காசு) வருமானம். அந்த நாளில் ஒரு கவிஞனுக்கு அது அசாத்தியத் தொகை. அந்தப் புத்தகத்துக்குள் சாலமோன் உலகத்தின் மாயையைப் பற்றிப் பேசும் நெடுங்கவிதை, 88ஆம் சங்கீதம், யாத்திராகமத்தின் ஒரு வசனத்தின்மேல் ஒரு பாட்டு, குளோயிக்கு வரிசையாகப் பாட்டுகள், அப்புறம் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க முடியாத ஒன்றிரண்டு கதைகள்.

அதில் ‘சேரிட்டி’ என்ற பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பைபிளில் பவுல் எழுதிய மடல்களில் ஒன்றான 1 கொரிந்தியரின் 13ஆம் அதிகார விரிவு அது. தமிழ் பைபிளில் “நான் மனுஷர் பாஷைகளையும் தூதர் பாஷைகளையும் பேசினாலும்” என்று தொடங்குமே, அந்த அதிகாரம். பவுல் பேசுவதைத்தான் சொல்கிறார். பிரையர் என்ன செய்கிறார்? மனிதன் உச்சரித்ததிலும் தேவதூதன் பாடியதிலும் இனிய ஓசை என் நாவை அலங்கரித்தாலும் என்று தொடங்குகிறார். தூதன் இங்கே பாடுகிறான்! பாஷை ஓசையாகிவிட்டது, நாவுக்கு அலங்காரம் வந்துவிட்டது, ஈரடிக்கு எதுகை போல இறுதி ஒலி பொருந்திவிட்டது. பாராஃபிரேஸ் என்றால் நடைமுறையில் என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு வரியைக் காட்டிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. அன்பு என்று நாம் படிக்கும் இடத்தில், அவர்கள் கையில் இருந்த கிங் ஜேம்ஸ் பைபிள் ‘லவ்’ என்ற சொல்லைப் போடவில்லை, ‘சேரிட்டி’ என்றே போட்டிருந்தது. அதனால் பிரையரின் புத்தகத்தில் குளோயிக்கு ஒரு சொல், பவுலுக்கு ஒரு சொல் என்று தானாகவே வேலி விழுந்துவிட்டது. தமிழில் காதல், அன்பு என்று இரண்டு இருப்பது போல. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சொற்கள் விலகி நின்றன.

இந்தப் புத்தகத்தைப் பெண்கள் படிக்கலாமா என்ற சர்ச்சை 1777இல் விமர்சகர் சாமுவேல் ஜான்சனுக்கும் அவர் வாழ்க்கையை எழுதிய பாஸ்வெல்லுக்கும் நடுவே வந்தது. ஜான்சன், பிரையர் பெண்களுக்கான புத்தகம், எந்தச் சீமாட்டியும் அதைத் தன் நூலகத்தில் வைத்திருக்க வெட்கப்படுவதில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். அங்கே ஆட்சேபம் ஆபாசக் கதைகளைப் பற்றித்தான். சங்கீதத்துக்குப் பக்கத்தில் குளோயி இருப்பதைப் பற்றி இல்லை.

அப்படியானால் உறுத்தல் எங்கே? வேலி இல்லாத இடத்தில். அதாவது உன்னதப்பாட்டில்.

பைபிளில் சாலமோன் பெயரில் வரும் உன்னதப்பாட்டு வேதமும்தான், காதல் கவிதையும்தான். கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவு என்று உருவகமாகப் படிப்பது வழக்கம். 1720இல் சாமுவேல் குராக்சால் அதை எடுத்து ‘தி ஃபேர் சர்க்காசியன்’ என்று ஒரு நாடகச் செய்யுளாக்கினார். உருவகத்தைக் கழற்றி வைத்துவிட்டார், மிஞ்சியது சாலமோனும் ஓர் அழகியும் மட்டும். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஒருவர் எழுதியது என்று தலைப்புப் பக்கம் சொல்கிறது, ஆனால் எழுதியவர் ஒரு பாதிரியார். ஈசாப் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதிப் புகழ்பெற்றவரும் இவரேதான். புத்தகம் கண்டனம் வாங்கியது, பலமுறை அச்சும் ஏறியது. இரண்டும் சேர்ந்தே வருவது புதிதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது எலிசபெத் சிங்கரின் கதை. 1674இல் பிறந்தவர். ஜான் டன்டன் என்ற பதிப்பாளர் லண்டனில் ‘எதீனியன் மெர்க்குரி’ என்று ஓர் இதழ் நடத்தினார், வாசகர் கேள்வி கேட்பார்கள், இதழ் பதில் சொல்லும். நாம் இப்போது செய்துகொண்டிருக்கிறோமே, அதற்குத் தாத்தா. அந்த இதழுக்குத்தான் இந்தப் பெண் கவிதைகள் அனுப்பினார். 1696இல் டன்டன் அவற்றை ‘ஃபிலோமிலா’ என்ற புனைபெயரில் புத்தகமாக்கினார். உள்ளே மேய்ச்சல் நிலக் காதல் உரையாடல்களும் உன்னதப்பாட்டின் விரிவுகளும் உண்டு. “வாரும் என் நேசரே! வயல்வெளியில் போய், கிராமங்களில் தங்குவோம்” என்ற 7ஆம் அதிகார வசனம் அவற்றில் ஒன்றுக்கு மூலம். வசனத்திலேயே வயல்வெளி இருக்கிறது. மேய்ச்சல் கவிதையிலும் வயல்வெளிதான். தலைப்பை மறைத்துக்கொண்டு படித்தால் இது எந்த வகை என்று சொல்ல நீங்கள் திணறுவீர்கள். நான் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் தப்பாகச் சொன்னார்கள்.

அவர் 1710இல் தாமஸ் ரோவை மணந்தார். கணவர் 13 வயது இளையவர், ஐந்தே ஆண்டில் காசநோயில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் எழுதிய இரங்கற்பாவைப் போப் 1720இல் தன் எலோய்சா கவிதையின் மறுபதிப்போடு சேர்த்து அச்சிட்டார். கடவுளுக்கும் காதலனுக்கும் நடுவே கிழிபடும் கன்னிகாஸ்திரீ ஒரு பக்கம், கணவனை இழந்த பக்தை மறுபக்கம். இந்த அடுக்கு தற்செயல் என்று நான் நம்பவில்லை.

1737இல் எலிசபெத் ரோ இறந்தபின், அவர் விட்டுச்சென்ற தியானங்களை ஐசக் வாட்ஸ் வெளியிட்டார். இன்றைக்கும் தேவாலயங்களில் பாடும் துதிப்பாடல்களை எழுதியவர் வாட்ஸ். அவருடைய 1707 துதிப்பாடல் நூலிலேயே உன்னதப்பாட்டைத் தழுவிய பாடல்கள் ஒரு வரிசையாக இருக்கின்றன. ஆனால் இந்த 1737 முன்னுரையில் அவர் தர்மசங்கடத்தோடு எழுதுகிறார்: மீட்பர்மேல் உள்ள அன்பை உன்னதப்பாட்டின் நடையில் சொல்வது முன்பு வழக்கமாக இருந்தது, இளமையில் நானும் அந்த வழியில் அறியாமல் போய்விட்டேன், முதிர்ந்த வயதில் யோசித்தால் அது கிறிஸ்தவர்கள் பொதுவாகக் கைக்கொள்ள ஏற்ற மொழியாகத் தெரியவில்லை. பாருங்கள், காதல் கவிதையைப் பக்கத்தில் வைத்ததற்கு அவர் வருந்தவில்லை. துதிப்பாடலின் வரிக்குள்ளேயே காதலின் மொழி வந்து உட்கார்ந்துவிட்டதே என்றுதான் வருந்துகிறார்.

அப்புறம் எப்போது பிரித்தார்கள்? பள்ளிக்கூடத்துக்கான திரட்டுகள் வந்தபோது. 1780களில் விசெசிமஸ் நாக்ஸ் என்ற பள்ளித் தலைமையாசிரியர் தொகுத்த ‘எலிகன்ட் எக்ஸ்ட்ராக்ட்ஸ்’ கவிதைத் தொகுதியில் சமயமும் நீதியும் தனிப் பகுதியாகவே போய்விட்டன. மாணவன் கையில் கொடுக்கும் புத்தகத்துக்கு அறைகள் வேண்டும் அல்லவா. நம் பாடத்திட்டமும் அந்த அறைகளை வைத்துத்தான் நடக்கிறது, அதனால்தான் பழைய புத்தகம் உங்களுக்கு விசித்திரமாகத் தெரிகிறது.

உங்கள் ஆய்வுக்கு ஒன்று சொல்கிறேன். சங்கீதச் செய்யுள்களை மட்டும் வெட்டியெடுத்துப் பட்டியல் போடாதீர்கள், முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பில் அதிகாரமும் வசன எண்ணும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உன்னதப்பாட்டு விரிவுகளில் அந்த எண்தான் கவிஞர் கையில் உள்ள அனுமதிச் சீட்டு. இன்னொன்று, அந்த அச்சில் சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ மாதிரி நீளமாக இருக்கும். ஸ்கேனை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அதில் நிறையக் குளறும், தேடும்போது இரண்டு விதமாகவும் தட்டச்சு செய்து தேடுங்கள்.