எத்தனையாவது வாரத்தில் பிறந்தார்?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசிவிட்ட பேராசிரியர் அவர்களே, வரவேற்புக் குழுவின் செயலாளர் அவர்களே, மடியில் குழந்தையோடு முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, வணக்கம். மூச்சைப் பற்றிப் பேச வந்தவன் கழுத்தில் மூன்று பொன்னாடை!

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் பற்றி மூன்று செய்திகள்: வளர்ச்சி, புகை, தடுப்பூசி.

37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதம். காற்று நுண்ணறைகள் பெரும்பாலும் 36ஆம் வாரத்துக்குப் பிறகுதான் பெருகுகின்றன; பிறந்தும் சில ஆண்டுகள் பெருகுகின்றன. 26 வாரத்துப் பிள்ளை, சுவர் எழும்புமுன் குடிவந்த பிள்ளை. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, நுரையீரல் முதிராததால் 39 மணி நேரத்தில் இறந்தான். பிறகு, வயிற்றிலேயே பிள்ளையின் நுரையீரலை முதிரவைக்கத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி வந்தது, நுண்ணறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து குழந்தைக்கு வந்தது. பிழைக்க வைத்தோம். வீட்டுக்கு அனுப்பியதும் மறந்தோம்.

ஒரு பையன், பதினான்கு வயது. ஓட்டப்பந்தயத்தில் பாதியில் நின்றுவிடுவான். பயிற்சியாளர் சோம்பேறி என்றார். அப்பா செல்போன்தான் காரணம் என்றார். ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதியவன் அடியேன். இரண்டு வருடம் ஓடியது, பையனைத் தவிர. ஒருநாள் கூடவே பாட்டி வந்தார். நான் வாய் திறக்குமுன், "ஏழாம் மாசத்துல பொறந்தவன் டாக்டர், கண்ணாடிப் பெட்டியிலயே ரெண்டு மாசம் கெடந்தான், இந்தக் கைக்குள்ள அடங்குவான்" என்று உள்ளங்கையை என் மேசைமேல் விரித்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு அத்தை?" என்றார் பையனின் அம்மா. அம்மா, அதுதான் வேண்டும்! மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொன்னேன். காற்று வெளியேறும் வேகம் குறைவு. மருந்து கொடுத்தும் பெரிதாக ஏறவில்லை; ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் ஏறியிருக்கும். விளையும் பயிர் முளையிலே தெரியும், ஐயா. முளையை விசாரிக்காமல் இலைக்கு மருந்தடித்திருக்கிறேன்.

இதைக் கேட்டு யாரும் இன்ஹேலரைத் தூக்கி எறியாதீர்கள். சிலருக்கு அது நன்றாகவே உதவும். நிறுத்துவதை மருத்துவர் சொல்லட்டும்.

நுரையீரலின் திறன் இருபதுகளில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். குறைமாதத்தில் பிறந்தவர்கள் பலருக்கு அந்த உச்சமே தாழ்வு. ஆகவே நாற்பது வயதில் இளைப்போடு வருகிறவரிடம் முதலில் கேட்கவேண்டியது என்ன? "சிகரெட் உண்டா?" கேட்கிறோம். "எத்தனையாவது வாரத்தில் பிறந்தீர்கள்?" கேட்பதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை!

புகையும் தடுப்பூசியும் பாக்கி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எல்லா வயதினரின் மருத்துவப் படிவத்திலும் அந்த ஒரு கட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம்.