பாசி எண்ணெய்: கணக்கு எங்கே இடிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பாசியிலிருந்து டீசல் எடுக்கலாம் என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. சில நுண்பாசிகளின் உலர்ந்த எடையில் பாதி வரை எண்ணெய் இருக்கும், ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும், விளைநிலம் வேண்டாம், உப்புத் தண்ணீரே போதும் என்பார்கள். இவை ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் எல்லாமே ஒரே பாசியில், ஒரே குளத்தில், ஒரே நேரத்தில் வாய்ப்பதில்லை. இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இதற்கென்றே 18 ஆண்டுகள் பாடுபட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறை 1978-இல் நீர்வாழ் உயிரினங்களிலிருந்து எரிபொருள் எடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கொலராடோவின் கோல்டன் நகரில் இருந்த சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம்தான் அதை நடத்தியது. ஆய்வாளர்கள் உப்பு ஏரி, குட்டை, கடலோரம் என்று அலைந்து ஏறக்குறைய 3,000 பாசி வகைகளைச் சேர்த்தார்கள். அவற்றைச் சலித்து, கடைசியில் 300 வகைகளை வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் பச்சைப் பாசிகளும், சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம் என்ற நுண்பாசிகளும்தான்.

எந்தப் பாசியில் எண்ணெய் அதிகம் என்று பார்க்க நைல் ரெட் என்ற சாயம் உண்டு. ஒரு துளி பாசி நீரில் அதைக் கலந்து, நுண்ணோக்கியில் நீல ஒளி பாய்ச்சினால், பச்சையம் சிவப்பாகத் தெரியும். அதன் நடுவே எண்ணெய்த் துளிகள் பொன் மஞ்சளாகப் பளிச்சிடும். முதல் தடவை பார்க்கிற எவருக்கும் இனி டீசலுக்குக் கவலையே இல்லை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சரி, அந்தப் பொன் துளிகள் எப்போது பெருகுகின்றன? நைட்ரஜன் சத்தை நிறுத்திப் பாசியைப் பட்டினி போடும்போது. டயட்டமாக இருந்தால் சிலிக்கானை நிறுத்தினாலும் போதும். பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்த குடும்பம் குதிரில் நெல்லைச் சேர்த்து வைப்பதுபோல, பாசி தனக்குள் எண்ணெயைச் சேர்க்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அது வளர்வதில்லை. ஒவ்வொரு செல்லிலும் எண்ணெய் ஏறுகிறது, செல்களின் எண்ணிக்கையோ கூடுவதில்லை. குளத்துக்கு மொத்தமாக எவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் பார்த்தால் லாபம் எதுவும் இல்லை. அந்தத் திட்டத்தின் அறிக்கையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த முடிவு இதுதான். இன்றைக்கும் விளம்பரங்களில் ‘50 சதவீத எண்ணெய்’ என்று படிக்கும்போது, அது பட்டினி போட்ட பாசியா, வளர்கிற பாசியா என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

அப்புறம் குளம். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில், 1,000 சதுர மீட்டர் பரப்பில் ஓட்டப்பந்தயப் பாதை வடிவக் குளங்களை அமைத்தார்கள். ஆழம் முழங்கால்கூட வராது. துடுப்புச் சக்கரம் ஒன்று தண்ணீரை மெதுவாகச் சுற்றிவரச் செய்யும், அடியிலிருந்து கரியமில வாயுவைக் குமிழிகளாக விடுவார்கள். கரியமில வாயுவில் 90 சதவீதத்துக்கு மேல் வீணாகாமல் பயன்பட்டது. இது பெரிய வெற்றி. நல்ல நாளில் சதுர மீட்டருக்கு 50 கிராம் பாசிகூடக் கிடைத்தது. ஆனால் பாலைவனத்து இரவுக் குளிரில் அந்த விளைச்சல் நிலைக்கவில்லை. இன்னொரு தலைவலியும் வந்தது. ஆய்வகத்தில் பொத்திப் பொத்தி வளர்த்த பாசியைத் திறந்த குளத்தில் விட்டால், காற்றில் வந்து சேரும் உள்ளூர்ப் பாசி அதை ஒதுக்கிவிட்டுக் குளத்தைப் பிடித்துக்கொண்டது. வந்ததையே வளர்ப்பதுதான் நல்லதோ என்று அறிக்கை எழுதியவர்களே யோசித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் தாண்டினாலும் அறுவடை இருக்கிறது. பலருக்கும் இது தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இத்தகைய குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் உலர் பாசி இருந்தாலே நல்ல அடர்த்தி. வீட்டு மாடியில் வைக்கிற 1,000 லிட்டர் தொட்டி நிறையக் குளத்து நீரை எடுத்தால் அதில் அரை கிலோ பாசி. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 100 கிராம். அந்த 100 கிராமுக்காக ஒரு டன் தண்ணீரைப் பிரித்தாகவேண்டும். செல்லோ மிக மிகச் சிறியது, சாதாரண வடிகட்டியில் நிற்காது. சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகச் சுழற்சி இயந்திரத்தில் சுற்றிப் பிரித்தால் மின்சாரம், உலர்த்தினால் வெப்பம். பிறகு எண்ணெயைக் கரைத்தெடுத்து, மெத்தனால் என்ற ஆல்கஹாலும் வினையூக்கியாக ஒரு காரப்பொருளும் (அமிலத்துக்கு எதிரானது) சேர்த்துப் பயோடீசலாக மாற்றி, கிளிசரினைப் பிரிக்கவேண்டும். கடைசியில் கிடைக்கிற ஆற்றலில் பெரும்பகுதியை வழியிலேயே செலவழித்திருப்போம்.

1996-இல் திட்டம் மூடப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 2.5 கோடி டாலர். விளைச்சலை மிகத் தாராளமாக வைத்துப் பார்த்தாலும், அன்றைய டீசலைப்போல இரண்டு மடங்கு விலை ஆகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

பிறகு பெரிய நிறுவனங்கள் வந்தன. எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில், சிந்தெடிக் ஜினோமிக்ஸ் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 2009-இல் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்தது. 2017-இல் நன்னோகுளோராப்சிஸ் என்ற பாசியின் மரபணுவைத் திருத்தி, வளர்ச்சியை அதிகம் கெடுக்காமலே எண்ணெயை 20 சதவீதத்திலிருந்து 40-க்கு மேல் உயர்த்திக் காட்டினார்கள். பட்டினிச் சிக்கலுக்கு அது அருமையான விடை. ஆனால் குளத்துக்கும் அறுவடைக்கும் அது விடை இல்லை. 2023-இல் எக்ஸான்மொபில் விலகிக்கொண்டது.

இதனால் பாசியே வீண் என்று நான் சொல்லவில்லை. எண்ணெயை மட்டும் நம்பிக் குளம் வெட்டுவதுதான் தவறு. எப்படியும் பணம் செலவழித்துச் சுத்தம் செய்யவேண்டிய கழிவுநீர் இருக்கும் இடத்தில் பாசியை வளர்க்கவேண்டும். கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களிலேயே சாக்கடை நீரைச் சுத்திகரிக்கப் பாசிக் குளம் அமைத்துக் காட்டினார். நம் ராணிப்பேட்டையில்கூட ஓர் ஆலையின் அமிலக் கழிவுநீரைப் பாசியைக் கொண்டு சரிசெய்திருக்கிறார்கள். அங்கே சத்து இலவசம், தண்ணீர் இலவசம், சுத்திகரிப்புச் செலவும் மிச்சம். எண்ணெய் கிடைத்தால் அது உபரி வருமானம்.

அடுத்த முறை யாராவது பாசி டீசலுக்கு உங்களிடம் முதலீடு கேட்டு வந்தால், எத்தனை சதவீதம் எண்ணெய் என்று கேட்காதீர்கள். திறந்த குளத்தில், ஆண்டு முழுவதும் சராசரியாக, சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் பாசி எடுத்தீர்கள், அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆனது என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.