உப்பு ரூமுக்குப் போங்க, இன்ஹேலரை நிறுத்திட்டு மட்டும் போகாதீங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், பார்மசிஸ்ட். பெரியவங்களுக்கு வர்ற ஆஸ்துமா பத்தியும், அதுக்குன்னு இப்ப நிறைய பேரு தேடற உப்பு ரூம் வைத்தியம் பத்தியும் பேசணும்னு கூப்பிட்டாங்க. டாக்டர் உங்கள எப்பவோ ஒரு தடவதான் பாக்கறாரு, நீங்க எந்த மருந்த எத்தன தடவ வாங்கறீங்கங்கறது கவுன்ட்டர்ல நிக்கிற எங்களுக்குத்தான் தெரியும், அதனால அந்தப் பக்கத்துலேந்தே பேசறேன்.

எனக்கு ரொம்பக் கவலையா இருக்கற விஷயம் அந்த நீலக் கலர் இன்ஹேலர். "தம்பி, ப்ளூ ஒண்ணு குடுங்க"ன்னு வருவாங்க, கூடவே டாக்டர் எழுதின இன்னொரு இன்ஹேலர் இருக்கும், அது வேணாம், அது எடுத்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, இதுதான் அடிச்ச உடனே கேக்குதுன்னு சொல்லுவாங்க. கேக்கத்தான் செய்யும், அதுல இருக்கறது சால்பூட்டமால், இறுகிப்போன மூச்சுக்குழாய சில நிமிஷத்துல விரிச்சு விட்டுடும், ஒரு நாலஞ்சு மணி நேரம் தாங்கும். ஆனா குழாய்க்கு உள்பக்கம் வீங்கிப் போயிருக்கு பாருங்க, அந்த வீக்கத்த அது தொடவே தொடாது. ஆஸ்துமாவே அந்த வீக்கம்தாங்க. நீங்க நல்லா நடமாடற நாள்லயும் அது உள்ள இருந்துக்கிட்டுதான் இருக்கும், புகையோ பனியோ பட்டதும் சுத்தி இருக்கற தசை இறுகி, சளியும் கோத்துக்கிட்டு இழுப்பு வருது. வீக்கத்த வத்த வைக்கறது நீங்க வேணாம்னு வச்சிட்டுப் போற அந்த இன்னொண்ணு, ப்யூடிசோனைடு, ஃப்ளூட்டிகசோன் மாதிரி ஸ்டீராய்டு இன்ஹேலர். அது ஒரே நாள்ல தெரியாது, விடாம எடுத்தா சில வாரத்துல ராத்திரி தூக்கம் கலையாம வரும்.

ஆஸ்துமாவுக்கு உலக அளவுல வழிகாட்டுதல் போடற ஜீனா அமைப்பு, 2019லேந்து பெரியவங்களுக்கு நீல இன்ஹேலர மட்டும் தனியாக் குடுத்து ஓட்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஒரு தடவ அமுக்கறது ஒரு பஃப், அப்படி 200 பஃப் இருக்கற நீல டப்பா வருஷத்துக்கு மூணு அல்லது அதுக்கு மேல வாங்கறவங்களுக்கு அட்டாக் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடற ஆபத்து கூடுது, மாசம் ஒண்ணுன்னு போனா உயிருக்கே ஆபத்து கூடுது. எத்தன வாங்கியிருக்கோம்னு பழைய பில்ல எடுத்துப் பாருங்க.

ஸ்டீராய்டுன்னதும் பயப்படறாங்க, இன்ஹேலர்னா கடைசி ஸ்டேஜ், பழகிட்டா விட முடியாதுன்னு ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கு. ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். சால்பூட்டமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம், இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அப்போ ஒரு மாத்திரைக்குள்ள 40 பஃப் மருந்து இருக்கு, அது வயித்துக்குப் போயி ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்திட்டு, கை நடுங்கி நெஞ்சு படபடத்து, அப்புறம்தான் நுரையீரலுக்கு வருது. ஸ்டீராய்டும் அப்படித்தான், மாத்திரைல மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலர்ல மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரைய மாசக்கணக்குல முழுங்கறவங்க இன்ஹேலருக்குப் பயப்படறதப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

இப்ப உப்பு விஷயத்துக்கு வரேன். சால்ட் தெரபின்னு கேக்கறவங்க இப்ப நிறைய பேரு. சுவரெல்லாம் உப்புக்கட்டி பதிச்ச ரூம்ல உக்கார வச்சு, மெஷின்ல உப்ப நைஸாப் பொடியாக்கி காத்துல விடுவாங்க, முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வர்றது. இது எங்கேந்து வந்துச்சுன்னா போலந்து நாட்டுல வியலிச்கான்னு ஒரு உப்புச் சுரங்கம், அங்க இருந்த டாக்டர் ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி 1843ல உப்புத் தூசியால வர்ற நன்மை பத்தி எழுதினாரு, அதுக்கப்புறம் சுரங்கத்துக்குள்ளயே வைத்தியம்னு ஆகி, பின்னால மேல தரையில உப்பு ரூமா வந்துச்சு. ஆனா சுரங்கத்துக்குள்ள என்ன இருக்குன்னு யோசிங்க, புகை கிடையாது, மகரந்தம் கிடையாது, வெயில் பனி மாத்தம் கிடையாது, ஆளு சும்மா உக்காந்து நிதானமா மூச்சு விடறாரு, சுகமாத்தான் இருக்கும், அது உப்பாலதான்னு எப்படிப் பிரிச்சுச் சொல்றது? மருத்துவ ஆராய்ச்சிகளத் திரட்டி அலசற காக்ரேன் அமைப்பு 2001ல இந்தச் சுரங்க வைத்தியத்த அலசினப்போ, தேறின ஆராய்ச்சி மொத்தமே மூணு, அதுல சேந்தவங்க 124 பேரு, அத்தன பேரும் குழந்தைங்க. அத வச்சு ஆஸ்துமாவுக்குப் பலன் இருக்குன்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க.

உப்புக் காத்துதான் மருந்துன்னா மரக்காணம் உப்பளத்துல நாள் பூரா வேலை செய்றவங்களுக்கும், கடலூர் முதுநகர்ல துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கறவங்களுக்கும் இழுப்பே வரக்கூடாது இல்லையா. முதுநகர்லேந்து எவ்ளோ பேரு எங்கிட்ட இன்ஹேலர் வாங்க வர்றாங்கன்னு எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு, இது முக்கியம். கடல்தண்ணியில உப்பு சுமார் 3.5 சதவீதம். அதவிடக் கொஞ்சம் கூட, 4.5 சதவீத உப்புத்தண்ணிய நெபுலைசர்ல, அதாவது தண்ணிய நைஸ் துளியா ஆக்கற மெஷின்ல, இழுக்க வச்சு மூச்சுக்குழாய் சுருங்குதான்னு பாக்கற டெஸ்ட்டே ஒண்ணு இருக்கு, ஆஸ்துமா இருக்கான்னு கண்டுபிடிக்க. அதாவது உப்பு சளிய இளக்கும், ஆனா ஆஸ்துமாக்காரங்களுக்கு குழாய இறுக்கவும் செய்யும். அதனால போகவே கூடாதுன்னு நான் சொல்ல வரல, மனசுக்கு இதமா இருக்கு, கையில காசு இருக்குன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. இழுப்பு இருக்கற அன்னைக்குப் போகாதீங்க, ரிலீவர், அதான் அந்த நீல இன்ஹேலர், பாக்கெட்லயே இருக்கட்டும், உள்ள இருமல் வந்தா நெஞ்சு இறுகினா உடனே எழுந்து வெளிய வந்துடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சளியில ரத்தம், எடை குறையுதுன்னா முதல்ல டிபி டெஸ்ட் எடுக்கணும், உப்பு ரூம் அப்புறம். பத்து சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டிட்டு, இந்த மாசம் அந்த ஸ்டீராய்டு இன்ஹேலர் வாங்கக் காசில்லன்னு சொல்ற நிலைமைக்கு மட்டும் யாரும் வந்துடாதீங்க, தயவு செஞ்சு.

சரி, இன்ஹேலர் எடுக்கற விதம். இதுலதான் பாதி மருந்து வீணாப் போவுது. ஸ்ப்ரே மாதிரி அமுக்கற டைப்புன்னா நல்லாக் குலுக்கி, மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு, உதட்ட இறுக்கி வச்சு, மெதுவா உள்ள இழுக்க ஆரம்பிச்சதும் ஒரு தடவ அமுக்கணும், மெதுவாவே இழுத்து முடிச்சு பத்து செகண்ட் அடக்கணும். இன்ஹேலர் முனையில மாட்டற பிளாஸ்டிக் குழாய், ஸ்பேசர்னு சொல்லுவாங்க, அத மாட்டிக்கிட்டா இன்னும் நல்லது, இல்லாட்டி மருந்து தொண்டையிலயே படிஞ்சிடும். கேப்சூல் போட்டு இழுக்கற டைப்புக்கு இது அப்படியே தலைகீழ், அது பொடி, வேகமா பலமா இழுத்தாத்தான் உள்ள போகும். அந்தக் கருவிக்குள்ள மூச்ச ஊதக்கூடாது. நம்ம ஊரு கடலோரம், ஐப்பசி கார்த்திகையில டப்பா உப்பே தண்ணி விட்டுக்கும், அந்த ஈரத்துல கேப்சூல முன்னாடியே பிரிச்சு வச்சா பொடி கட்டி தட்டிப் போயி கருவியிலயே ஒட்டிக்கும், அதனால இழுக்கறப்ப மட்டும் எடுங்க. ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடணும், இல்லன்னா நாக்குல வெள்ளையா பூஞ்சை படியும். ஸ்பேசர சோப்புத் தண்ணியில அலசி அப்படியே காய வைங்க, துணி போட்டுத் தேச்சா மருந்து உள்பக்கச் சுவத்துலயே ஒட்டும்.

கொசுவத்தி, சாம்பிராணி, போகிப் புகை இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒண்ணு சொல்றேன், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையும், படபடப்புக்கும் ஒத்தத் தலைவலிக்கும் குடுக்கற ப்ரோப்ரனலாலும் சிலருக்கு இழுப்பக் கிளப்பி விட்டுடும், அதனால எந்த மெடிக்கல்ல எத வாங்கினாலும் எனக்கு ஆஸ்துமா இருக்குன்னு முதல்ல சொல்லிடுங்க. பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கற பட்டறை, மாவு பறக்கற பேக்கரி, இங்கெல்லாம் வேலைக்குப் போற நாள்ல மட்டும் இழுப்பு வருது, லீவு நாள்ல சரியாயிடுதுன்னா அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்.

கடைசியா, வீட்ல இருக்கறவங்களுக்கு. அட்டாக் வந்தா நிமிந்து உக்கார வைங்க, படுக்க வைக்காதீங்க. ஸ்பேசர்ல ரிலீவர் ஒவ்வொரு பஃப்பா நாலு குடுங்க, நாலு நிமிஷம் பாத்துட்டு சரியாகலன்னா இன்னும் நாலு. ஒரு வாக்கியத்த முழுசாப் பேச முடியல, உதடு நீலம் பாய்ஞ்சிருக்கு, ஆளு சோந்து போறாரு, இல்ல இழுக்கற சத்தம் நின்னுபோச்சு ஆனா திணறல் நிக்கலன்னா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே 108க்கு போன் போடுங்க, வண்டி வர்ற வரைக்கும் பஃப் குடுத்துக்கிட்டே இருங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப ரெண்டு இன்ஹேலரையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, எந்த மருந்து எவ்ளோ எடுத்தாங்கன்னு அங்க முதல்ல கேப்பாங்க.

வணக்கம்.